கல்லீரல் புழு, பித்தநாளப் புற்றுநோய், மைக்ரோ ஆர்.என்.ஏ: தரவைக் கையில் எடுக்கும் முன்

பித்தநாளப் புற்றுநோய்க் கட்டியையும் அதை ஒட்டியிருந்த கல்லீரல் திசுவையும் ஒப்பிட்டு அளவு மாறிய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை (புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ. இழைகளை) நான் முதன்முதலில் போட்ட பட்டியலில் உச்சியில் நின்றது மிர்-122. கட்டியில் அதன் அளவு அடியோடு விழுந்திருந்தது. பெரிதாக ஏதோ கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது புற்றுநோயைப் பற்றிய செய்தியே அல்ல என்று பிறகுதான் புரிந்தது. ஏன் அல்ல என்பது மூன்றாம் படியில் வருகிறது. இதை எழுத உட்கார்ந்த காரணமும் அதுதான். புதிதாக இந்தத் துறைக்கு வரும் முதுநிலை மாணவர்கள், ஆய்வகத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆனவர்கள், உயிரியல் பழக்கமில்லாமல் தரவு மட்டும் கைக்கு வந்துசேர்ந்த கணினித் துறையினர் ஆகியோரை மனதில் வைத்துச் சொல்கிறேன். மென்பொருளை ஓட்டக் கற்றுத்தர இணையத்தில் நிறைய இருக்கிறது. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று நின்று கேட்கக் கற்றுத்தருவதுதான் குறைவு.

முதல் படி: ஊரையும் புழுவையும் தெரிந்துகொள்ளுங்கள்

தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் என்றொரு பகுதி இருக்கிறது. லாவோஸை ஒட்டிய நெல்வயல் பூமி. பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவானது அங்குள்ள கோன் கேன் மாகாணத்தில். 1990களில் ஆண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 80 பேருக்கு மேல் இந்த நோய் வந்தது. மற்ற பெரும்பாலான நாடுகளில் லட்சத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிற அரிய நோய் இது.

காரணம் ஒபிஸ்தோர்கிஸ் விவெர்ரினி என்ற கல்லீரல் தட்டைப்புழு. இலை வடிவம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம். மலத்தோடு நீரில் சேரும் முட்டையை பித்தினியா என்ற சிறு நத்தை விழுங்குகிறது. நத்தையிலிருந்து வெளிவரும் இளம் புழு கெண்டை இன மீனுக்குள் புகுந்து, சதையில் கூடு கட்டிக் காத்திருக்கிறது. அந்த மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவரின் சிறுகுடலில் கூடு உடைந்து, புழு பித்தநாளத்துக்குள் ஏறி அங்கேயே குடியிருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேலும் அது உயிரோடு இருக்கும். ஈசானில் கோய் பிளா என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த உணவு. பச்சை மீனைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், வறுத்த அரிசிப் பொடி, கீரை வகைகள் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். எலுமிச்சைச் சாறு பட்டு மீன் வெந்ததுபோல வெளுக்கும். உள்ளிருக்கும் புழு சாவதில்லை. பிரசிகுவான்டெல் மாத்திரையில் புழு போய்விடும். ஆனால் மறுபடி பச்சை மீன் சாப்பிட்டால் மறுபடி தொற்றுகிறது. இதை அந்த மக்களின் அறியாமை என்று எழுதும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். உறவும் நட்பும் கூடி உண்ணும் சாப்பாடு அது. மாத்திரை கொடுப்பதுபோல் ஒரு நாளில் மாற்றிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இந்தப் புழுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகுப்பில் சேர்த்தது. புழு உறிஞ்சியால் நாளச் சுவரைக் காயப்படுத்துகிறது. கிரானுலின் என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து செல்களைப் பெருகத் தூண்டுகிறது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. நாளத்தைச் சுற்றி நார்த்திசு தடிக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து, சிலருக்கு மட்டும், கட்டி வருகிறது.

இந்தக் காலக்கணக்கை மறக்காதீர்கள். தொற்று, அழற்சி, நார்த்திசு, கட்டி என்று நான்கு நிலைகள். நீங்கள் அளக்கப்போகும் எந்த மூலக்கூறும் இந்த நான்கில் எதற்கு வேண்டுமானாலும் பதில் சொல்லக்கூடும்.

இரண்டாம் படி: மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் அடிப்படை

சுமார் 22 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ. இழை இது. புரதமாக மாறாது. ஒரு புரதக் கூட்டுக்குள் அமர்ந்துகொண்டு, புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ.க்களில் தனக்கு ஒத்துவருவதைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. தேடுவதற்குப் பெரும்பாலும் அதன் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் போதும். அந்தப் பகுதியை விதை என்பார்கள். 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அறிந்தார்கள், அதற்காக 2024-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

பெயர்களில் கவனம் வேண்டும். ஒரே முன்னோடி இழையின் இரு கைகளிலிருந்தும் தனித்தனி மைக்ரோ ஆர்.என்.ஏ. வரலாம், அதனால்தான் பெயரின் கடைசியில் 5பி, 3பி என்று போடுகிறார்கள். பழைய கட்டுரைகளில் அது இருக்காது. ஆகவே உங்கள் அட்டவணையில் பெயரோடு எழுத்து வரிசையையும் சேர்த்தே வைத்திருங்கள். மிர்பேஸ் தரவுத்தளத்தின் 22-ஆம் பதிப்பில் மனிதருக்கு 2,600-க்கும் மேற்பட்ட முதிர்ந்த இழைகள் பட்டியலாகியிருக்கின்றன. அவற்றில் எல்லாமே உறுதியானவை அல்ல. ஒரு திசுவில் நம்பும் அளவுக்குத் தெரிவது சில நூறுதான்.

மூன்றாம் படி: எதனோடு ஒப்பிடுகிறீர்கள்?

அவசரமே இல்லாமல் நிற்கவேண்டிய இடம் இது.

மிர்-122 கதைக்கு வருவோம். கல்லீரலின் முதன்மைச் செல்லான ஹெபடோசைட்டில் இருக்கும் மொத்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் சுமார் 70 சதவீதம் மிர்-122 ஒன்றுதான். பித்தநாளத்தை உள்ளே பூசியிருக்கும் கொலாஞ்சியோசைட்டுகள் கல்லீரல் செல்களில் 3 முதல் 5 சதவீதம். அவற்றில் மிர்-122 மிகக் குறைவு. பித்தநாளப் புற்றுநோய் நாளத்துச் செல்லிலிருந்து கிளம்புவது. அந்தக் கட்டியை எடுத்து, பக்கத்திலிருந்த, பெரும்பாலும் ஹெபடோசைட்டுகளால் ஆன கல்லீரல் துண்டோடு ஒப்பிட்டால் மிர்-122 குறைந்ததாகத்தான் தெரியும். கட்டி எதையும் அடக்கவில்லை. அங்கே ஹெபடோசைட்டே இல்லை, அவ்வளவுதான். மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் அருகருகே வைத்துவிட்டு, வாழையில் கொட்டை தொலைந்துவிட்டது என்று சொல்வதுபோல.

இது மிர்-122 ஒன்றோடு முடிவதில்லை. பித்தநாளக் கட்டியில் புற்றுச் செல்லைவிட அதைச் சுற்றிய நார்த்திசுவே அதிகமாக இருப்பது சகஜம். மிர்-143, மிர்-145 இரண்டும் மென்தசைச் செல்களிலும் நார்ச் செல்களிலும் நிறைந்தவை. மிர்-223 வெள்ளையணுக்களுடையது. மிர்-451ஏ சிவப்பணுக்களுடையது. இவற்றில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, புற்றுச் செல் மாறியது என்று எழுதுவதற்கு முன், அந்தச் செல்லின் கூட்டம் கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். இந்தப் புற்றுநோயில் எல்லோரும் தேடிப்போகும் மிர்-21 கூட நார்ச் செல்களிலும் அழற்சியிலும் உயர்கிறது. மார்பகம், நுரையீரல், குடல் என்று ஏறக்குறைய எல்லாப் புற்றுநோய்களிலும் உயர்கிறது. மிர்-21 கூடியிருக்கிறது என்பது உண்மைதான். அதை வைத்து இது பித்தநாளப் புற்றுநோய் என்று அடையாளம் சொல்ல முடியாது.

அப்படியானால் எதனோடு ஒப்பிடுவது? உங்கள் கேள்வியைப் பொறுத்தது. நாளச் செல் எப்படிப் புற்றுச் செல்லானது என்று கேட்டால், இயல்பான நாளச் செல் வேண்டும். திசுச் சீவலிலிருந்து லேசரால் நாளத்தை மட்டும் வெட்டியெடுக்கலாம். அல்லது வளர்ப்புக் கொலாஞ்சியோசைட்டுகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். புழு தொற்றியவர்களில் யாருக்குப் புற்றுநோய் வரும் என்று கேட்டால், ஆரோக்கியமான நகரத்து மாணவரின் ரத்தம் உதவாது. புழு தொற்றியும் புற்றுநோய் வராதவர், நாளத்தைச் சுற்றி நார்த்திசு தடித்திருப்பது அல்ட்ராசவுண்டில் தெரிந்தவர், புற்றுநோயாளி, தொற்றே இல்லாதவர் என்று நான்கு குழுவும் வேண்டும். அதே ஊர், ஏறக்குறைய அதே வயது. புழுவால் வரும் கட்டியின் தனித்தன்மை என்ன என்று கேட்டால், புழு தொடர்பில்லாத பித்தநாளக் கட்டிகள் வேண்டும். இந்த வேறுபாடு மரபணு அளவில் ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்திருக்கிறது. புழு சார்ந்த கட்டிகளில் டி.பி.53, எஸ்.எம்.ஏ.டி.4 மாற்றங்கள் அதிகம். புழு சாராதவற்றில் பி.ஏ.பி.1, ஐ.டி.ஹெச்.1, ஐ.டி.ஹெச்.2 மாற்றங்கள் அதிகம். பத்து நாடுகளிலிருந்து 489 கட்டிகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளிவந்த ஆய்விலும், புழு சார்ந்தவை பெரும்பாலும் தனிக் கொத்துகளாகப் பிரிந்தன.

நான்காம் படி: தொற்று இருந்ததா என்று எப்படித் தெரியும்?

நோயாளி கோன் கேன்காரர் என்பது மட்டும் சான்று அல்ல. மலத்தில் முட்டை தேடுவதுதான் பழைய முறை. அதில் இரண்டு சிக்கல். ஒன்று, கட்டி பித்தநாளத்தை அடைத்துவிட்டால் முட்டை குடலுக்கு இறங்காது. பலர் எப்போதோ மாத்திரை சாப்பிட்டுப் புழுவையும் போக்கியிருப்பார்கள். ஆகவே முட்டை இல்லை என்றால் தொற்றே இருந்ததில்லை என்று ஆகாது. இன்னொன்று, ஹாப்லோர்கிஸ் போன்ற குடல் சிறுபுழுக்களின் முட்டையும் பார்க்க ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். எதிர்ப்புரதச் சோதனை, பச்சை மீன் சாப்பிட்ட வரலாறு, மாத்திரை எடுத்த வரலாறு ஆகியவற்றையும் அட்டவணையில் தனித்தனிப் பத்திகளாகப் போடுங்கள். தொற்று, ஆம் அல்லது இல்லை, என்று ஒற்றைப் பத்தியில் அடக்கிவிட்டால் பின்னால் திருத்த வழியில்லை.

வெள்ளெலி மாதிரிகளைப் பயன்படுத்தும் ஆய்வுகளையும் சந்திப்பீர்கள். சிரிய வெள்ளெலிக்குப் புழுவைத் தொற்றவைத்து, கூடவே டைமெத்தில் நைட்ரோசமைன் என்ற வேதிப்பொருளையும் கொடுத்தால் சில மாதங்களில் கட்டி வருகிறது. மனிதரில் பார்க்கவே முடியாத இடைநிலைகளை வாரவாரியாகப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய பலம். புழு மட்டும், வேதிப்பொருள் மட்டும், இரண்டும், எதுவுமில்லை என்ற நான்கு குழுக்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எது எதனால் என்று பிரிக்க முடியாது.

ஐந்தாம் படி: மாதிரி எடுப்பது

திசுவாக இருந்தால் கவலை கொஞ்சம் குறைவு. மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகவும் சிறியது என்பதால், ஃபார்மலினில் ஊறி மெழுகில் ஆண்டுக்கணக்கில் கிடந்த திசுவிலிருந்தும் நன்றாகக் கிடைக்கும். மருத்துவமனைப் பழைய பெட்டகங்கள் இந்தத் துறைக்குப் பொக்கிஷம். ஒன்று மட்டும்: பிரித்தெடுக்கும்போது சிறு ஆர்.என்.ஏ.வைத் தக்கவைக்கும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். வழக்கமான ஆர்.என்.ஏ. முறைகள் பலவற்றில் அது கழுவுநீரோடு போய்விடும்.

ரத்தம் அப்படி இல்லை. ஹெபாரின் குழாயில் எடுக்காதீர்கள், அது பி.சி.ஆர். வினையை, அதாவது மரபுப்பொருளைப் பெருக்கி அளக்கும் வினையை, தடுக்கும். இ.டி.டி.ஏ. குழாய் நல்லது. சீரமா பிளாஸ்மாவா என்று ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். கிராமத்தில் எடுத்த ரத்தம் வண்டியில் குலுங்கி ஆய்வகம் சேர்வதற்குள் சிவப்பணு உடைந்தால், அதிலுள்ள மிர்-451ஏ எல்லாம் பிளாஸ்மாவில் கலந்துவிடும். கூடவே மிர்-16-ம் வரும். கண்ணால் சிவப்பு தெரிவதற்கு முன்பே எண்கள் கெட்டிருக்கும். அதற்கொரு எளிய சோதனை உண்டு. சி.டி. என்பது பி.சி.ஆரில் சமிக்ஞை தெரிய எத்தனை சுழற்சி ஆனது என்ற எண். மிர்-23ஏ-யின் சி.டி. மதிப்பிலிருந்து மிர்-451ஏ-யின் சி.டி. மதிப்பைக் கழியுங்கள். 5-க்கு மேல் போனால் சந்தேகம். 7-க்கு மேல் போனால் அந்த மாதிரியைத் தள்ளிவையுங்கள். நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையிலும் மற்றவர்களுடையது கிராம முகாமிலும் எடுக்கப்பட்டிருந்தால், இந்தச் சோதனை இல்லாமல் ஒரு முடிவையும் நம்பாதீர்கள்.

ஆறாம் படி: அளப்பது

சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை மட்டும் பார்க்க பி.சி.ஆர். போதும். சி.டி. ஒன்று குறைந்தால் அளவு இரு மடங்கு. மூன்று குறைந்தால் எட்டு மடங்கு. ஆக, ஒரு எண் வித்தியாசம் கையில் பிழை வந்தாலே வந்துவிடும். எல்லா மாதிரியையும் மூன்று தடவை ஓட்டுங்கள்.

எதை அடிப்படையாக வைத்துச் சமன்படுத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். திசுவில் யு6 என்ற சிறு ஆர்.என்.ஏ.வை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அதே பழக்கத்தில் சீரத்திலும் யு6-ஐப் பயன்படுத்துவார்கள். யு6 செல்லின் உட்கருவில் இருப்பது. சீரத்தில் அதன் அளவு ஆளுக்கு ஆள் தாறுமாறாக மாறும். சீரத்துக்கு இரண்டு வழிகளைச் சேர்த்தே செய்யுங்கள். உருளைப்புழுவின் மிர்-39-ஐச் செயற்கையாகத் தயாரித்து, செல்லுடைப்புக் கரைசலைச் சேர்த்த பிறகு, குறித்த அளவில் கலப்பது ஒன்று. முன்னால் கலந்தால் சீரத்து நொதிகள் அதைத் தின்றுவிடும். உங்கள் மாதிரிகளிலேயே எல்லாக் குழுவிலும் நிலையாக இருக்கும் இரண்டு மூன்று மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கண்டுபிடித்து அவற்றின் சராசரியை எடுப்பது இன்னொன்று. சிறுநீர் என்றால், அதன் அடர்த்தி ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், கிரியாட்டினினையும் அளந்துகொள்ளுங்கள்.

மொத்தத்தையும் பார்க்க வேண்டுமென்றால் சிறு ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல். கட்அடாப்ட் மென்பொருளை வைத்து, வரிசைப்படுத்துவதற்காக இழைகளின் முனையில் சேர்த்த ஒட்டுத் துண்டுகளை வெட்டியதும் நீளங்களின் வரைபடத்தைப் பாருங்கள். 22 எழுத்தில் கூர்மையான முகடு நிற்க வேண்டும். முகடு இல்லாமல் சரிவாக இருந்தால் அது சிதைந்த ஆர்.என்.ஏ. அதற்கு மேல் என்ன செய்தாலும் பலனில்லை.

அப்புறம், பெரும்பாலான புற்றுநோய்த் தரவுகளில் வராத ஒரு விஷயம் இங்கே வரும். திசுவில் புழுவோ முட்டையோ இருந்தால் அதன் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் உங்கள் கோப்பில் இருக்கும். புழு வெளியிடும் நுண்பைகளை நாளச் செல்கள் உள்வாங்குகின்றன என்பதும் தெரிந்ததே. ஒபிஸ்தோர்கிஸ் விவெர்ரினியின் மரபணுத்தொகுதி 2014-இல் வெளிவந்துவிட்டது. ஆகவே மனித மரபணுத்தொகுதியோடு அதையும் சேர்த்துப் பொருத்துங்கள். மிர்-71, பாண்டம் போன்றவை தட்டைப்புழுக்களில் உண்டு, முதுகெலும்புள்ள விலங்குகளில் இல்லை. அவை தென்பட்டால் புழுவுடையவை. லெட்-7 போன்றவை இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே எழுத்து வரிசை கொண்டவை. பிரிக்க முடியாத இடத்தில் பிரிக்க முடியவில்லை என்றே எழுதுங்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான். ஒரே கோப்புக்குள் இரண்டு உயிர்களின் எழுத்து கிடக்கிறது.

ஏழாம் படி: கணக்கும் நிதானமும்

குழுக்களுக்கு இடையில் மாறியவற்றைக் கண்டறிய டீசெக்2 அல்லது எட்ஜ்ஆர் மென்பொருள், எது பழக்கமோ அது. 500 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சோதித்தால் வெறும் தற்செயலாகவே 25 இடத்தில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரும். இத்தகைய தற்செயல்களைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம் இல்லாத பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள். கட்டியும் பக்கத் திசுவும் ஒரே நோயாளியுடையவை என்றால் ஜோடியாகவே கணக்கிடுங்கள்.

எட்டாம் படி: இலக்கைச் சோதிப்பது

இலக்குகளைக் கணித்துச் சொல்லும் டார்கெட்ஸ்கேன் தளத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பெயரைப் போட்டால் நூற்றுக்கணக்கான இலக்கு மரபணுக்கள் வரும். அந்தப் பட்டியலை அப்படியே, மரபணுக்கள் செல்லின் எந்த வேலைத்தொடரில் சேர்கின்றன என்று பார்க்கும் பாதைப் பகுப்பாய்வில் கொட்டினால் எப்போதும் புற்றுநோய்ப் பாதை என்றுதான் வரும். எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போட்டாலும் வரும். அதைச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை.

ஒழுங்காகச் செய்த உதாரணம் ஒன்று உண்டு. மிர்-21 பி.டி.சி.டி.4 என்ற கட்டி அடக்கி மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது என்று புழு சார்ந்த பித்தநாளப் புற்றுநோயில் 2013-இல் காட்டினார்கள். வெள்ளெலியிலும் பார்த்தார்கள், மனிதத் திசுவிலும் பார்த்தார்கள். நீங்களும் குறைந்தது இவ்வளவு செய்ய வேண்டும்: மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடும்போது இலக்கின் புரதம் குறைகிறதா. அதைத் தடுத்தால் புரதம் திரும்புகிறதா. இலக்கின் ஒரு பகுதியை ஒளி தரும் புரதத்தின் மரபணுவோடு இணைத்துப் பார்க்கும் லூசிஃபெரேஸ் சோதனையில் விதைக்குப் பொருந்தும் இடத்தை மாற்றிவிட்டால் விளைவு மறைகிறதா. மூன்றாவதைச் செய்யாமல் நேரடி இலக்கு என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம்.

ரத்தம், சிறுநீர்க் குறியீடுகளுக்கும் இதே கறார் வேண்டும். கோன் கேன் ஆய்வுகளில் சீரத்தில் மிர்-192 உயர்ந்திருப்பதும், உயர்ந்தவர்களின் ஆயுட்காலம் குறைவாக இருப்பதும் 2014-இல் வெளியானது. 2017-இல் சிறுநீரில் மிர்-192, மிர்-21 இரண்டையும் பார்த்தார்கள். கிராமத்தில் ஊசி போடாமல் சிறுநீரில் தெரிந்துவிட்டால் எத்தனை பேரை முன்கூட்டியே ஸ்கேனுக்கு அனுப்பலாம்! இந்த நோய் பெரும்பாலும் அறுவைக்கு நேரம் கடந்த பிறகே தெரியவருகிறது என்பதால் அந்த ஆசை நியாயமானது. ஆனாலும் மிர்-192 கல்லீரல் செல் எந்தக் காரணத்தால் காயப்பட்டாலும் ரத்தத்தில் கசியும். சிறுநீரகத்திலும் அது நிறைய உண்டு. மஞ்சள் காமாலையோடு வந்த நோயாளியிடம் நீங்கள் அளப்பது புற்றுநோயையா, அடைப்பால் வந்த காயத்தையா? பித்தப்பைக் கல்லால் நாளம் அடைத்தவர்களையும் ஒரு குழுவாகச் சேர்த்தால்தான் பதில் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: இன்றைக்கே செய்யக்கூடிய பயிற்சி

பல புற்றுநோய்களின் மரபணுத் தரவைத் திரட்டிய அமெரிக்காவின் டி.சி.ஜி.ஏ. திட்டத்தில் பித்தநாளப் புற்றுநோய்த் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. அளந்த கட்டிகள் 36, இயல்புத் திசுக்கள் 9. பதிவிறக்கும் முன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இவை கல்லீரல் புழு சாராத கட்டிகள். இதில் கிடைப்பதை வைத்து ஈசான் நோயாளிகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது. கைப்பழக்கத்துக்கு மட்டும் இது.

கட்டிக்கும் இயல்புத் திசுவுக்கும் இடையில் மாறியவற்றை வரிசைப்படுத்துங்கள். மிர்-122 எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதை நீக்கிவிட்டு மற்ற எல்லாவற்றின் விகிதத்தையும் மறுபடி கணக்கிடுங்கள். இயல்புத் திசுவில் பெரும்பங்கை அடைத்திருந்த ஒன்று வெளியேறியதும் மற்றவற்றின் எண்கள் எப்படி நகர்கின்றன என்று பொறுமையாகப் பாருங்கள். கூடியதாகத் தெரிந்த சிலவற்றின் உயர்வு சுருங்கிவிடும். பிறகு, மிச்சமிருப்பவற்றில் முதல் இருபதை ஒரு தாளில் கையால் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தச் செல்லில் அதிகம் என்று எழுதுங்கள்: ஹெபடோசைட், நாளச் செல், நார்ச் செல், வெள்ளையணு, சிவப்பணு. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள்.